பாம்பன் கரையிலிருந்து பந்தயக் கடலுக்கு: பாய்மரப் படகு வீரராக விரும்புவோர்க்கு ஒரு வழிகாட்டி

தொண்டி, நம்புதாளை போன்ற, பாக் விரிகுடாவை ஒட்டிய வடகடல் ஊர்களில் திருவிழாவையொட்டி நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு, காற்றைக் கொண்டு படகு ஓட்டுவது என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை. பாய் புடைத்துப் படகு ஒரு பக்கம் சாயும்போது ஆட்கள் எதிர்ப்பக்கம் பாய்ந்து உடலால் எடை கொடுப்பதையும், காற்று வலுக்கும் பக்கத்தைப் பார்த்துச் சுக்கான் பிடிப்பவர் படகை அணைத்துக்கொண்டு போவதையும் நம் பிள்ளைகள் சிறு வயதிலிருந்தே பார்க்கிறார்கள். ஒலிம்பிக் போட்டியில் ஐஎல்சிஏ என்னும் ஒற்றையாள் படகின் விளிம்புக்கு வெளியே உடலைச் சாய்த்துத் தொங்கும் வீரர் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். இருந்தும் ஒலிம்பிக் பாய்மரப் போட்டியில் இந்தியாவுக்கு இன்றுவரை ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. இராமநாதபுரம் கரையிலிருந்து அந்தப் பாதையில் போவதைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லை. கடலறிவில் நாம் குறைந்தவர்கள் அல்லர். ஊர்ப்போட்டிக்கும் உலகப்போட்டிக்கும் நடுவே இருக்கும் விதிகள், புள்ளிக்கணக்கு, ஆண்டுக்கணக்கான திட்டம் ஆகிய மூன்றையும் நமக்கு யாரும் வரிசையாகச் சொல்லித் தரவில்லை என்பதே காரணம் என்று நான் நம்புகிறேன். பத்து வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்கும், பதினைந்து பதினாறு வயதில் தாமே முடிவெடுக்க நினைக்கும் இளையோருக்கும் அந்த வரிசையை இயன்றவரை தெளிவாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதற்படி: கடலையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்தல்

படகைத் தொடுவதற்கு முன் நீச்சல். மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கு நீந்தத் தெரியும் என்று எண்ணி இதைத் தவிர்க்கக் கூடாது. சட்டை, கால்சட்டையோடு, உயிர்காப்பு அங்கி அணிந்து, ஆழமான நீரில் ஐம்பது மீட்டர் பதற்றமில்லாமல் நீந்திக் காட்டிய பிறகே பிள்ளையைப் படகில் ஏற்ற வேண்டும். கவிழ்ந்த படகின் பாய்க்கு அடியில் தலை மாட்டிக்கொண்டால் அமைதியாக ஒரு பக்கமாக வெளியே வருவதையும் கரையோர நீரில், பயிற்சியாளர் அருகில் இருக்கும்போதே பழக்கிவிட வேண்டும்.

அடுத்தது இடம். பாம்பன், மண்டபம் பகுதியில் வாழ்கிறவர்களுக்கு இந்தியாவில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வாய்ப்பு இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு கடல்கள் சில கிலோமீட்டர் இடைவெளியில் கிடக்கின்றன. மேற்கும் தென்மேற்குமாகக் கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளித்தாலும், நிலத்தின் மறைவில் இருக்கும் வடகடலின் கரையோரம் அலை தணிந்து கிடக்கும். காற்று மட்டும் மணலைத் தாண்டி வந்து பாயை நிரப்பும். வாடை எழும்பும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இது தலைகீழாகும். மீன்பிடிக்க எந்தக் கரையிலிருந்து போவது என்று நம் பெரியவர்கள் முடிவு செய்யும் அதே கணக்கைத்தான் பயிற்சிக்கும் போட வேண்டும். தொடக்கத்தில் அலை குறைந்த பக்கம். ஓராண்டு கடந்த பிறகு, வேண்டுமென்றே அலை மிகுந்த பக்கம்.

இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும்போது கரையோர நீர் குளம்போலத் தெரியும். அப்படிப்பட்ட நாளில்தான் தொடக்கநிலையாளர் தூரம் தெரியாமல் வெளியே தள்ளப்படுகிறார். மீட்புப் படகு ஒன்று இயந்திரம் ஓடும் நிலையில் நீரில் இல்லாவிட்டால் அந்தக் காற்றில் இறங்கக் கூடாது. கரைக்கு இணையாகவோ, கரையை நோக்கிச் சாய்வாகவோ வீசும் காற்றே கற்பவருக்கு ஏற்றது. 8 முதல் 12 நாட் வேகம் போதும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதை இந்தக் கரையில் அறியாதவர் இல்லை. அதே நாட்களில் பள்ளி விடுமுறையும் வருகிறது, காற்றும் ஓரளவு நிலைப்படுகிறது, விசைப்படகுகளின் போக்குவரத்தும் குறைகிறது. முதல் முகாமை இந்த இரண்டு மாதத்துக்குள் வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் பொருத்தம். நாட்டுப்படகுகள் அப்போதும் தொழிலுக்குப் போகும் என்பதால் வலை விரித்திருக்கும் இடங்களைக் காலையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மிதவையைப் பார்த்ததும் விலகத் தெரியாத பயிற்சிப்படகு ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானத்தைக் கிழித்துவிடும்; அதன்பின் அந்தக் கரையில் நமக்கு இடம் கிடைக்காது.

தவிர்க்க வேண்டிய இடங்கள் மூன்று. பாம்பன் பாலத்தை ஒட்டிய கால்வாயில் நீவாடு, அதாவது நீரோட்டம், பருவத்துக்குப் பருவம் திசை மாறிக் கடுமையாக இழுக்கும். சிறு படகு காற்றில்லாமல் நின்றால் தூண்களில் போய் மோதும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பவை. அவற்றின் பவளப்பாறைகளுக்கு மேல் படகை ஓட்டுவது சட்டப்படி தவறு, கடலுக்கும் தீங்கு. மூன்றாவது, தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள பன்னாட்டுக் கடல் எல்லை. அதைப் பற்றி நம் மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்தக் கரையில் பயிற்சி செய்தாலும் கடலோரக் காவல் குழுமத்துக்கும், பூங்காவை ஒட்டிய பகுதியானால் வனத்துறைக்கும் எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி பெற வேண்டும். பாம்பன் துறைமுக அலுவலகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அன்று படகு நீரில் இறங்கக் கூடாது. கடலில் ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. அதைப் படகின் உட்புறத்தில் அழியாத மையில் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: முதல் படகு

பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உலகெங்கும் ஏறும் முதல் படகு ஆப்டிமிஸ்ட். ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை, பெட்டி போன்ற மூக்கு, ஒரே பாய். 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்காகவே வடிவமைத்தது. மெதுவான படகு என்று இதை இகழ வேண்டாம். நான்கு ஒலிம்பிக் தங்கமும் ஒரு வெள்ளியும் வென்ற பென் எய்ன்ஸ்லி, இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் எட்டு வயதில் ஏறியதும் இதுதான். 15 வயதை நெருங்கிவிட்டவர்கள் ஆப்டிமிஸ்டை விட்டுவிட்டு நேராக ஐஎல்சிஏ படகுக்குப் போகலாம். முன்பு லேசர் என்ற பெயரில் அறியப்பட்ட இப்படகு 4.23 மீட்டர் நீளமானது. இதற்கு ஒரே உடல், மூன்று அளவுப் பாய்கள்: இளையோருக்கு 4.7 சதுர மீட்டர் பரப்புள்ள ஐஎல்சிஏ 4, அடுத்து ஏறத்தாழ 5.7 சதுர மீட்டர் கொண்ட ஐஎல்சிஏ 6, ஆண்களுக்கான ஒலிம்பிக் வகையான 7 சதுர மீட்டர் ஐஎல்சிஏ 7. வளர வளரப் பாயையும் கீழ்ப்பாய்மரத்தையும் மாற்றினால் போதும். இந்தியாவில் பயிற்சிக்கும் போட்டிக்கும் அதிகம் கிடைப்பதும் இவ்வகைதான்.

முதல் ஆறு மாதத்தில் வேகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். படகைக் கவிழ்த்து நிமிர்த்துவது, காற்றுக்கு நேர் எதிரே மூக்கைத் திருப்பி நிறுத்துவது, நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் நகராமல் வைத்திருப்பது, பின்புறமாக ஓட்டுவது ஆகிய நான்கும் கைவர வேண்டும். கடைசி இரண்டும் வீண்வேலையாகத் தோன்றும். போட்டியில் தொடக்கக்கோட்டில் நாற்பது படகுகளுக்கு இடையே ஒரு படகு நீள இடத்தைப் பிடித்து நிற்பதற்கு அவைதான் உதவும்.

எந்தப் பாய்மரப் படகும் காற்று வரும் திசைக்கு நேராகப் போகாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, இடம் வலமாக மாறி மாறித்தான் மேலேற முடியும். காற்று சில பாகை திரும்பும்போது எந்தப் பக்கம் போனவர் இலக்குக்கு அருகில் வருகிறார் என்பதை உணர்வதுதான் பந்தயத்தின் உயிர். வத்தை என்னும் நாட்டுப்படகில் பாய் விரித்துப் போன தலைமுறைக்கு இது வாய்ப்பாடு. நீரின் கருமையைப் பார்த்துக் காற்றுத் திரள் வருவதைச் சொல்லும் தாத்தா ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், வாரத்தில் ஒரு நாள் அவரோடு கரையில் உட்கார்ந்து, காற்று மாறப்போவதை அவர் எப்படிக் கண்டார் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். கச்சானும் வாடையும் கொண்டல் என்னும் கீழ்க்காற்றும் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் சாய்கின்றன என்ற அந்தக் குறிப்பு, வெளிநாட்டிலிருந்து வரும் பயிற்சியாளர் எவராலும் நமக்குத் தர முடியாதது.

வடகடலுக்கே உரிய ஒரு சிறு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 9 மீட்டர் அளவுதான் என்பதால் அலை நீண்டு எழாமல், குட்டையாகவும் நெருக்கமாகவும் வந்து படகை அறையும். மிதந்து வரும் கடற்புல்லும், படகின் அடியில் நீருக்குள் இறங்கியிருக்கும் நடுப்பலகையிலும் சுக்கானிலும் சுற்றிக்கொள்ளும். படகு காரணமின்றி வேகம் குறைந்தால் முதலில் இவ்விரண்டையும் பாருங்கள்.

மூன்றாம் படி: முறையான பயிற்சி பெறும் இடம்

நம் கரையில் சுய பழக்கம் எவ்வளவு ஏற்பட்டாலும், ஒரே வகைப் படகுகள் இருபது முப்பது கூடி ஓடும் இடத்துக்குப் போகாமல் போட்டி வீரராக முடியாது. தமிழ்நாட்டில் அந்த இடம் சென்னைத் துறைமுகம். 1911இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும், தமிழ்நாடு செயிலிங் அசோசியேஷனும் அங்கேதான் இயங்குகின்றன. ஒலிம்பிக் வீராங்கனை நேத்ரா குமணன் சிறுமியாகக் கோடைமுகாமில் சேர்ந்து படகேறியதும் இந்த அசோசியேஷனில்தான். இராமேசுவரத்திலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் சென்னை; கோடை விடுமுறை முகாமுக்கு இது எட்டாத தூரமன்று.

இரண்டாவது வழி இராணுவம். செலவு தாங்க முடியாத குடும்பங்களுக்கு இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். இராணுவத்தின் சிறுவர் விளையாட்டுப் பிரிவுகள் இளம் வயதுச் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து, தங்குமிடமும் உணவும் பள்ளிக்கல்வியும் கொடுத்துப் பயிற்றுவிக்கின்றன. மும்பையில் உள்ள இராணுவ யாட்டிங் மையம் பாய்மரப் போட்டிக்கு உரியது. வேலூர்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒலிம்பிக் வீரர் விஷ்ணு சரவணன் வளர்ந்தது அந்த மையத்தில். அவருடைய தந்தையும் இராணுவத்துப் பாய்மர வீரர். போபாலில் உள்ள தேசிய செயிலிங் பள்ளியும், ஐதராபாத்தின் உசேன் சாகர் ஏரியில் இயங்கும் சங்கங்களும் கடலே இல்லாத ஊர்களின் பிள்ளைகளைப் பதக்க வீரர்களாக்கியிருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் நேஹா தாக்கூர் போபாலில் பயின்று, ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஐஎல்சிஏ 4 பிரிவில் வெள்ளி வென்றார். ஏரியில் கற்றவர் வெள்ளி வென்றிருக்கும்போது இரண்டு கடலுக்கு நடுவே பிறந்த பிள்ளை ஏன் தயங்க வேண்டும் என்ற கேள்வியைப் பெற்றோர் தமக்குள் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் மாவட்டத்திலேயே பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர்விளையாட்டுப் பயிற்சிக்கூடம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. சேர்க்கை பற்றிய செய்தியை இராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் கேட்டுப் பெறுங்கள்.

நான்காம் படி: விதியும் தொடக்கமும்

பாய்மரப் பந்தயத்துக்கு உலகம் முழுவதும் ஒரே விதிநூல். வேர்ல்ட் செயிலிங் அமைப்பு அதை நான்காண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது. இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரைக்கானது. நூல் பெரிது என்றாலும் தொடக்கத்தில் நான்கு விதிகள் நெஞ்சில் நிற்க வேண்டும். இடப்பக்கத்திலிருந்து காற்று வாங்கி வருபவர், வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கி வருபவருக்கு வழிவிட வேண்டும். இருவரும் ஒரே பக்கக் காற்றில், பக்கம் பக்கமாகப் போனால், காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் விலக வேண்டும். பின்னால் வருபவர் முன்னால் போகிறவரிடமிருந்து விலகியிருக்க வேண்டும். திருப்பு மிதவைக்கு மூன்று படகு நீளத் தொலைவுக்குள் வந்துவிட்டால், பக்கவாட்டில் ஒன்றாக வரும் படகுகளில் உட்புறத்தில் இருப்பதற்குத் திரும்ப இடம் கொடுக்க வேண்டும். விதியை மீறிவிட்டோம் என்று உணர்ந்தால் அப்போதே விலகிப் போய் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. பெரும்பாலும் நடுவர் நம் அருகில் இருக்கமாட்டார். தவறியவர் தாமே ஒப்புக்கொண்டு சுற்ற வேண்டும் என்பதே இந்த விளையாட்டின் அடித்தளம். சுற்றாமல் போனவர்மீது மற்றவர் ‘புரொட்டஸ்ட்’ என்று உரக்கச் சொல்லி, கரைக்கு வந்து எழுத்தில் முறையிடலாம்.

விதிநூலின் முதல் விதி, ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவி செய்ய வேண்டும் என்பது. 1988 சியோல் ஒலிம்பிக்கில், பூசான் கடலில், கனடாவின் லாரன்ஸ் லெமியூ தம் பந்தயத்தில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தபோது, வேறொரு பந்தயத்தில் ஓடிய சிங்கப்பூர் வீரர்கள் படகு கவிழ்ந்து தத்தளிப்பதைக் கண்டு, பந்தயத்தை விட்டு விலகிப்போய் அவர்களைக் காப்பாற்றினார். நடுவர்கள் அந்தப் பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தார்கள். கடலில் தவிக்கும் படகைக் கண்டால் வலையை அறுத்துவிட்டாவது ஓடுவது நம் கரையிலும் வழக்கம் என்பதால், இந்த விதியை நம் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது எளிது.

தொடக்கம் என்பது தனிக்கலை. கோடு என்று நாம் சொல்வது, நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு நேர்க்கோடு. ஐந்து நிமிடத்துக்கு முன் முதல் கொடியும் ஒலியும், நான்கு நிமிடத்தில் இரண்டாவது, ஒரு நிமிடத்தில் மூன்றாவது, பிறகு தொடக்கம். படகுக்கு நிறுத்துவிசை இல்லை. காற்றும் நீவாடும் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் தொடக்க ஒலிக்கு முன் மூக்கின் நுனிகூடக் கோட்டைத் தாண்டக் கூடாது. வெளியூரில் நான் ஓடிய முதல் போட்டியில், எல்லோருக்கும் முன்னால் பாய்ந்து, கடைசிவரை முன்னாலேயே வந்து முடித்தேன். கரை சேர்ந்த பிறகுதான் நான் முன்கூட்டியே கோட்டைத் தாண்டியிருந்ததும், என்னைத் திரும்ப அழைக்கும் கொடி பின்னால் ஏற்றப்பட்டிருந்ததும் தெரியவந்தது. அன்று அந்தப் பந்தயத்தில் எனக்குக் கிடைத்த புள்ளி, கடைசியாக வந்தவரைவிட மோசம். அந்தக் கொடியின் பொருளை எனக்கு யாரும் அதற்குமுன் சொன்னதில்லை. ஆகவே நீங்கள் பயிற்சி நாளில் ஒலிப்பானும் கைக்கடிகாரமும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் இருபது தொடக்கமாவது பழகுங்கள். நீவாடு கோட்டை நோக்கித் தள்ளுகிறதா, கோட்டிலிருந்து விலக்குகிறதா என்பதை, ஐந்து நிமிடக் கொடி ஏறுவதற்கு முன்பே மிதவையின் பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: புள்ளிக்கணக்கு

ஊர்ப்போட்டி ஒரே ஓட்டம். முதலில் வந்த படகுக்குப் பரிசு. அந்தப் பழக்கத்தோடு வருபவர்களுக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருப்பது இந்தப் பகுதிதான் என்பது என் அனுபவம். அதனால் நிதானமாகச் சொல்கிறேன். முறையான போட்டி நான்கைந்து நாள் நடக்கும். அதில் பத்துப் பந்தயம் வரை ஓடுவார்கள். முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு, இருபதாமிடத்துக்கு இருபது. எல்லாவற்றையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பந்தயங்கள் நடந்தால் ஒவ்வொருவரின் மிக மோசமான ஒன்றைக் கழித்துவிடுவார்கள். கோட்டை முந்தித் தாண்டித் திரும்பாதவருக்கும் தகுதி நீக்கம் பெற்றவருக்கும் மொத்தப் படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிய புள்ளி.

நாற்பது படகு ஓடும் ஒரு போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். துணிச்சல்காரர் ஒருவர் பத்துப் பந்தயத்தில் 1, 1, 2, 1, 25, 3, 1, 30, 2 என்று வந்து, ஒருமுறை கோட்டைத் தாண்டி 41 வாங்குகிறார். கூட்டினால் 107, மோசமான 41ஐக் கழித்தால் 66. இன்னொருவர் ஒருமுறைகூட முதல் மூன்று இடத்துக்குள் வரவில்லை. 6, 5, 7, 4, 8, 6, 5, 9, 7, 6 என்று வருகிறார். கூட்டினால் 63, 9ஐக் கழித்தால் 54. நான்கு பந்தயங்களில் முதலாவதாக வந்தவரை, ஒன்றிலும் பரிசு நிலைக்கு வராதவர் 12 புள்ளி வித்தியாசத்தில் வென்றுவிட்டார். ஒரு பக்கமாகத் தனியே பிரிந்துபோய், காற்று அந்தப் பக்கம் திரும்பினால் முதலிடம், இல்லையேல் முப்பதாமிடம் என்று ஓடுகிறவர் சாம்பியனாவது அரிது. நல்ல தொடக்கம், கூட்டத்தை விட்டு அதிகம் விலகாத ஓட்டம், கெட்ட நாளில் இருபதாவதாக வர வேண்டியதை எட்டாவதாக்கிக் காப்பது ஆகியவற்றால்தான் பட்டம் வருகிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐஎல்சிஏ போன்ற பிரிவுகளில் தொடக்கச் சுற்றுகளின் மொத்தத்தில் முதல் பத்து இடம் பெற்றவர்கள் மட்டும் இறுதிப் பந்தயம் ஓடினார்கள். அதில் புள்ளி இரட்டிப்பு, அதைக் கழிக்கவும் முடியாது.

ஆறாம் படி: உடலும் படகு வகையும்

உடல் எடைக்கு ஏற்ற படகு என்பது இங்கே ஆடம்பரம் அன்று. ஐஎல்சிஏ 6 படகுக்கு ஏறத்தாழ 55 முதல் 70 கிலோ எடையுள்ளவர் பொருந்துவார். ஐஎல்சிஏ 7க்கு 80 கிலோவை ஒட்டியவர். எடை குறைந்தவர் பலத்த காற்றில் படகைத் தட்டையாக வைத்திருக்க முடியாமல் பின்தங்குவார்; எடை மிகுந்தவர் மென்காற்றில் நகரமாட்டார். பென் எய்ன்ஸ்லி 1996இல் 19 வயதில் லேசரில் வெள்ளியும் 2000இல் தங்கமும் வென்று, பிறகு கனமான ஃபின் படகுக்கு மாறியபோது, உடல் எடையைத் திட்டமிட்டுக் கூட்டினார். அதன்பின் 2004, 2008, 2012 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் ஃபின்னில் தங்கம். இருவராக ஓட விரும்புவோருக்கு 29இஆர், 49இஆர் போன்ற வேகப்படகுகள் உண்டு. கே.சி. கணபதியும் வருண் தாக்கரும் 49இஆரில் 2018 ஆசியப் போட்டியில் வெண்கலம் பெற்று, டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் போனார்கள். இருவர் படகைத் தேர்ந்தெடுப்பவர், பல ஆண்டுகள் ஒன்றாகவே பயிலக்கூடிய துணையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

தொடைகளுக்கும் வயிற்றுத்தசைக்கும் வேலை அதிகம். கால்களைப் பட்டையில் மாட்டி உடலை வெளியே தொங்கவிடுவதால் முழங்கால் தேயும். சைக்கிள் மிதிப்பது நல்ல பயிற்சி. உச்சிப்புளி, மண்டபம் சாலையில் எதிர்க்காற்றில் மிதித்தவர்களுக்கு அதன் பயன் தெரியும். வெயிலில் நான்கு மணி நேரம் நீரில் இருக்கும் நாளில் நீராகாரமும் மோரும் வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம். விலையுயர்ந்த பானங்கள் தேவையில்லை.

ஏழாம் படி: ஆண்டுக்கணக்கில் நீளும் பாதை

ஒரு சாம்பியனின் வாழ்க்கைப்போக்கை இரண்டு பேரை வைத்துப் பார்ப்போம். நேத்ரா குமணன் பன்னிரண்டு வயதளவில் கோடைமுகாமில் தொடங்கி, 2014, 2018 ஆசியப் போட்டிகளில் ஓடினார். ஸ்பெயினின் கேனரித் தீவுகளில், நிலையான காற்றில், ஹங்கேரியப் பயிற்சியாளரிடம் ஆண்டுக்கணக்கில் பயின்றார். 2020 ஜனவரியில் மயாமியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார். 2021 ஏப்ரலில் ஓமானின் முசானாவில் நடந்த தகுதிப்போட்டியின் வழியே, ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். டோக்கியோவில் 35ஆம் இடம். மூன்றாண்டுக்குப் பிறகு பாரிஸ் ஒலிம்பிக்கில் 21ஆம் இடம். விஷ்ணு சரவணன் 2019இல் 21 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டியில் வெண்கலம் பெற்றார். டோக்கியோவில் 20ஆம் இடம், ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம், 2024 ஜனவரியில் அடிலெய்டு உலகப் போட்டியின் வழியே பாரிசுக்குத் தகுதி, அங்கே 18ஆம் இடம்.

இந்த எண்களைப் பார்த்து ‘பதக்கம் இல்லையே’ என்று சொல்வோருக்கு, அவற்றைப் படிக்கத் தெரியவில்லை என்றே சொல்வேன். முகாமில் ஏறிய நாளுக்கும் முதல் ஒலிம்பிக்குக்கும் இடையே பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அதன்பின் 35ஐ 21 ஆக்க இன்னும் மூன்றாண்டு உழைப்பு. ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் ஒரு படகு மட்டுமே ஒலிம்பிக்கில் ஓடலாம் என்பதால் உள்நாட்டிலேயே போட்டி கடுமை. எனவே பெற்றோர் போட வேண்டிய கணக்கு இது: முதல் இரண்டாண்டு கடற்பழக்கம், மூன்றாம் நான்காம் ஆண்டு மாநில, தேசியப் போட்டிகள், அதன்பின் தேசிய வரிசையில் முதல் சில இடங்களுக்குள் வந்தால் மட்டுமே வெளிநாட்டுப் போட்டி. தேசியப் போட்டிகளை யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியா நடத்துகிறது. அதன் உறுப்புச் சங்கம் ஒன்றில் பெயர் பதிவு செய்திருக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளை இதில் விடத் தயங்கும் வீடுகள் இன்னும் உண்டு. பாரிசில் நடந்த பத்துப் பாய்மரப் பிரிவுகளில் ஆண்களுக்கு நான்கு, பெண்களுக்கு நான்கு, இருபாலரும் சேர்ந்து ஓடுவது இரண்டு. சென்னையின் வர்ஷா கௌதம் 2018 ஆசியப் போட்டியில் ஸ்வேதா ஷெர்வேகருடன் வெள்ளி வென்றார். சின்னப்பாலத்திலும் ஓலைக்குடாவிலும் பாசி எடுக்க அலைக்குள் மூழ்கி எழும் தாய்மார்களின் மகள்களுக்குக் கடல் அந்நியமானது என்று யார் சொல்ல முடியும்?

எட்டாம் படி: பணமும் படிப்பும்

புதிய ஐஎல்சிஏ படகின் விலை சில லட்சங்கள். முதல் மூன்றாண்டில் வாங்கவே வேண்டாம். சங்கத்தின் படகே போதும், வெளியூர்ப் போட்டியில் வாடகைப் படகும் கிடைக்கும். சொந்தமாக வாங்க வேண்டியவை உடலோடு பொருந்தும் உயிர்காப்பு அங்கி, கணுக்கால் மூடிய காலணி, நிமிடங்களைப் பின்னோக்கி எண்ணும் கைக்கடிகாரம். மற்றவை அனைத்தும் காத்திருக்கலாம். கடன் வாங்கிப் படகு வாங்கிய பிறகு, பிள்ளை வளர்ந்து அடுத்த வகைக்கு மாறும்போது, அந்தப் படகு மணலில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைமீது அது ஏற்றும் பாரம் பெரிது.

தேசிய அளவில் இடம் பிடித்தவர்களுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் எலைட், மிம்ஸ் போன்ற திட்டங்களின் வழியே பயிற்சிக்கும் பயணத்துக்கும் உதவுகிறது. ஒவ்வொரு போட்டியின் முடிவுப்பட்டியல், சான்றிதழ், நுழைவுக்கட்டண ரசீது ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். நான்காண்டுக்குப் பின் விண்ணப்பிக்கும்போது அவற்றைத் தேடி அலைய முடியாது. பள்ளியில் தலைமையாசிரியரைப் பெற்றோரே நேரில் பார்த்து, போட்டி நாட்களின் பட்டியலை ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும். நேத்ரா பொறியியல் படித்துக்கொண்டேதான் ஓடினார். படிப்பை விட்டால்தான் விளையாட்டு வரும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். காற்றின் கோணம், அலையின் இடைவெளி, புள்ளிகளின் கூட்டல் எல்லாம் கணக்குப் பாடம்தான்.

கடைசியாக, நாட்குறிப்பு. ஒவ்வொரு நாளும் கரையேறியதும் படகையும் பாயையும் நல்ல நீரில் கழுவி, பாயை நிழலில் உலர்த்தி, சுருட்டி வைத்த பிறகு, உடை மாற்றும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றை எழுதுங்கள்: எந்தக் கரை, எந்த நேரம், காற்று எங்கிருந்து எழுந்து எங்கே திரும்பியது, நீவாடு எந்தப் பக்கம் ஓடியது, எத்தனை தொடக்கம் பழகினோம், அவற்றில் எத்தனை முறை கோட்டைத் தாண்டினோம், எந்த இடத்தில் எவருக்கு வழிவிடத் தவறினோம். முதல் பக்கத்தை முகாமின் முதல் நாளே எழுதத் தொடங்குங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே கரையில் இறங்கும் காலையில், அந்தப் பக்கத்தைத் திறந்து படித்துவிட்டு இறங்குங்கள்.